நீங்கள் தமிழரா, கிறிஸ்தவரா?



மழைக்காலத்தில் வீட்டிலுள்ள முதியோரைப் பேணும் முறைபற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனை அடுத்த மாதத்திற்கு ஒத்திவைக்க வேண்டியதாயிற்று, பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு கடிதம் குறுக்கிட்டது. அதற்கு மறுமொழி கூறாமல் வேறொன்றை எழுத மனம் ஒப்பவில்லை.

கடிதம் எழுதியவர் காக்ஸ் டவுனில் வாழும் ஓர் அம்மையார். அவர் மாமனார் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம் அது. மகன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். ஞாயிறுதோறும் கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவன்; சனிக்கிழமைகளில் ஓர் ஆசிரியையிடம் வீணை பயில்பவன். இவ்வளவோடு நின்றிருந்தால் கவலை இல்லை. பிள்ளைக்கு வேறொரு பித்தும் உண்டு. ஒரு நீண்ட மரப்பலகையில் ஒற்றைக் கம்பியைக் கட்டி, அதன் பக்கத்தில் அளவுகோலை ஒட்டி, எந்த இடத்தில் விரல் வைத்தால் எந்தச் சுரம் பிறக்கிறது என்று அளந்து அளந்து குறித்துக்கொண்டே இருப்பானாம். சாமராஜப்பேட்டையில் 1939-இல் தொடங்கிப் பெயர் பெற்றுவிட்ட இராமநவமி இசைவிழாவுக்குச் சென்றாலும், தாளம் போடும் கையில் அவன் மட்டும் பென்சிலும் குறிப்பேடும் வைத்திருப்பானாம்.

அம்மையார் எழுதுகிறார்: “கோவிலில் அவனோடு பாடும் பிள்ளைகள் அவனைப் ‘பாகவதர்’ என்று அழைத்துச் சிரிக்கிறார்கள். வீணை வகுப்பில் உடன் பயிலும் பெண்ணொருத்தி, ‘உங்களுக்கு இது எதற்கு?’ என்று கேட்டாளாம். அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்று அவனே சொன்னான். கல்லூரியில் கன்னடப் பிள்ளைகளுக்கு அவன் தமிழன். இவையெல்லாம் அவனுக்குப் பழகிப்போயின. ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் நம் மன்றத்தின் கூட்டத்திற்குத் தன் பலகையை எடுத்துக்கொண்டு வந்தான். அங்கே ஒரு பெரியவர் அவன் பெயரைக் கேட்டுவிட்டு, ‘தம்பி, நீங்கள் தமிழரா, கிறிஸ்தவரா?’ என்று வினவினாராம். அன்று பலகையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தவன் இன்றுவரை அதை எடுக்கவில்லை. படிப்பு கெடாமல் இருக்கிறதே என்று மகிழ்வதா, பிள்ளை முகம் வாடிவிட்டதே என்று வருந்துவதா என எனக்கு விளங்கவில்லை. பெரியவர் யார் என்று எழுத நான் விரும்பவில்லை.”

அம்மையீர், தாங்கள் எழுத விரும்பாததை நானே எழுதிவிடுகிறேன். அந்தப் பெரியவன் நான்தான்.

அன்று மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூட்டம் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நாற்காலிகளை வரிசைப்படுத்துவோர் ஒருபுறம், காப்பிக்குப் பால் வரவில்லையே என்று தவிப்போர் ஒருபுறம். பலகையோடு வந்த பிள்ளையை அன்பாகத்தான் வரவேற்றேன். பெயர் கேட்டேன், சொன்னான். கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். “ஐயா, அம்மா தேடுவார்கள்” என்று சொல்லிவிட்டுச் சென்றான். பலகை எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. அந்த வினாவில் பிழை இருப்பதாகவும் இக்கடிதம் வரும்வரை எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் நெருங்கும்போது, சிவாஜி நகர் மரியன்னைப் பேராலயத்திற்கு என் மனைவியோடு சென்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருபவன் நான். காவியுடுத்து நடந்துவரும் அப்பெருங்கூட்டத்தில் யார் எச்சமயம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அத்தகைய நான்தான் இவ்வினாவைக் கேட்டேன். ஆகவே இது கெட்டவர்கள் கேட்கும் கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது. நம் நாவிலே ஊறிக் கிடக்கிறது. ‘தமிழர்’ என்னும் சொல்லை ஒரு சமயத்தாரைக் குறிக்கும் சொல்லாக வழங்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. தென்மாவட்டங்களில் கிறிஸ்தவர்களே தம் இந்து அயலாரை அவ்வாறு சுட்டுவதைக் கேட்டிருக்கிறேன். முஸ்லிம் அன்பர்களுக்கும் இவ்வினா புதியதன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் மேடைகளில் கிறிஸ்தவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டைப் புகழாத ஆண்டுவிழா இல்லை. வீரமாமுனிவர் இத்தாலியர், போப்பையரும் கால்டுவெல்லும் பிரித்தானியாவிலிருந்து வந்தவர்கள். கடல் கடந்து வந்தவர் தமிழில் ஈடுபட்டால் கைதட்டுகிறோம். காக்ஸ் டவுனிலிருந்து பேருந்தில் வந்தவர் ஈடுபட்டால், ‘நீங்கள் தமிழரா?’ என்று கேட்கிறோம்! மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து நாவல் எழுதிய வேதநாயகம் பிள்ளையும், இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளையும், வாழ்நாளெல்லாம் வேர்ச்சொல்லை அகழ்ந்த ஞானமுத்து தேவநேயப் பாவாணரும் நம்மிடையே பிறந்தவர்களே. ஆயினும் அவர்களைப் பற்றிப் பேசும்போது சமயத்தை மறந்துவிடுகிறோம். சமயத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களை மறந்துவிடுகிறோம்.

இனி அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தம்பி, உங்களைப் போலவே கம்பியும் அளவுமாகக் கிடந்த ஒருவரைப் பற்றிக் கேளுங்கள். ஆபிரகாம் பண்டிதர் என்னும் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். என் போன்றோர் மேடையில் அப்பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுவோம். அவர் என்ன செய்தார் என்று விரிவாகக் கூறுவோர் குறைவு.

அவர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் கற்றார். புகைப்படம், அச்சு என்று கண்ணில் பட்ட கலையெல்லாம் அவரை ஈர்த்தன. மூலிகை மருத்துவத்தில் நாட்டம் மிகுந்து சுருளிமலைக்குச் சென்றபோது, கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். 1883-இல் தஞ்சைக்கு வந்து, தாமும் துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் பள்ளியாசிரியர்களாகப் பணியாற்றினர். 1890-இல் ஆசிரியப் பணியை விட்டு மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். அவருடைய மருந்துகள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றன. செல்வம் சேர்ந்தது. ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் பண்ணை அமைத்தார். ‘பண்டிதர் தோட்டம்’ என்றே அதனை ஊரார் அழைத்தனர். 1908-இல் சென்னை ஆளுநர் லாலி அத்தோட்டத்தைக் காண வந்தார். பண்டிதர் தொடங்கிய மின் அச்சகத்திற்கும் லாலியின் பெயரே அமைந்தது.

பண்ணைக்குப் பண்டிதர் இட்ட பெயர் கருணானந்தபுரம். மருந்துகளுக்கு இட்ட பெயர் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள். பின்னாளில் எழுதிய பெருநூலின் பெயர் கருணாமிர்த சாகரம். மலையிலே தமக்கு மருந்து கற்பித்த முனிவரின் பெயரைத் தம் உழைப்பின் மேலெல்லாம் எழுதி வைத்தார். இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். ‘இதுவா, அதுவா?’ என்று நான் உங்களிடம் கேட்ட கேள்வியை அவரிடம் யாரேனும் கேட்டிருந்தால், மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டியிருப்பாரோ என்னவோ!

மருத்துவத்தில் பொருள் ஈட்டியவர், அப்பொருளை இசை ஆராய்ச்சியில் செலவிட்டார். அக்காலத் தஞ்சையின் இசையுலகை எண்ணிப் பாருங்கள். சரபோசி மன்னர் காலத்திலிருந்து வழிவழியாக வந்த வித்துவக் குடும்பங்கள், தெலுங்குக் கீர்த்தனங்கள், வடமொழி இலக்கண நூல்கள், கோவிலோடும் பூசையோடும் பிணைந்த வாழ்க்கை. இவற்றுள் எதுவும் பண்டிதருக்குப் பிறப்புரிமையாக வாய்த்ததன்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவர், பள்ளி ஆசிரியர், மருந்து செய்பவர். ‘எங்கள் பாட்டனார் இப்படிப் பாடினார், ஆகையால் இதுவே சரி’ என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அவர் சொல்வது சரியா என்று எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க ஒன்றையே அவர் நம்ப வேண்டியிருந்தது. கம்பியையும் கணக்கையும் நம்பினார்.

அவரைத் தூண்டிய சிக்கல் உங்களையும் தூண்டியது என்றே கருதுகிறேன். இசைக் கணக்கு அறியாத நேயர்களுக்காக அதனைச் சற்று விளக்க வேண்டும். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

90 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்று. அதனை மீட்டினால் எழுவது சட்சம். சரிபாதியில், அதாவது 45 சென்டிமீட்டரில் நிறுத்தி மீட்டினால் மேல் சட்சம். மூன்றில் இரண்டு பங்கில், 60 சென்டிமீட்டரில் நிறுத்தினால் பஞ்சமம். காதுக்கு இதைவிட இனிமையாகப் பொருந்தும் வேறு சுரம் இல்லை. அந்தப் பஞ்சமத்தையே சட்சமாகக் கொண்டு அதற்கொரு பஞ்சமம், அதற்கும் ஒரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால் பன்னிரண்டு சுரத்தானங்களும் கிடைத்துவிடும். பதின்மூன்றாவது இடத்தில் புறப்பட்ட சட்சத்திற்கே வந்து சேர வேண்டும். ஆனால் வந்து சேர்வதில்லை! ஏழு தாயி மேலேயுள்ள சட்சம் 128 மடங்கு. பன்னிரண்டு பஞ்சமம் ஏறினால் வருவதோ 129.746 மடங்கு. அரைச்சுரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு மிஞ்சிவிடுகிறது. இம்மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதே உலகெங்குமுள்ள இசையறிஞர்களைப் பல நூற்றாண்டுகளாக உறங்கவிடாத வினா.

பியானோவும் ஆர்மோனியமும் செய்வோர், அம்மிச்சத்தைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிட்டனர். எல்லாச் சுரமும் சிறிது பிசகு, எதுவும் பெரும்பிசகன்று. நம் வீணையிலோ மெழுகின்மேல் மெட்டுகளைப் பதிக்கிறவர் தம் காது சொல்லும் இடத்தில் பதிக்கிறார். இந்த இரண்டு முறைகளும் எவ்வளவு வேறுபடும்? அதே 90 சென்டிமீட்டர்க் கம்பியில் பஞ்சமம் ஆர்மோனிய முறைப்படி 60.07 சென்டிமீட்டரில் விழும். ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடில்லை. ஆனால் காந்தாரத்தைப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு என்னும் இயற்கைக் கணக்கில் அந்தர காந்தாரம் 72 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும்; ஆர்மோனிய முறையில் 71.43-இல் நிற்கும். ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர்! பயின்ற காதுக்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இப்பொழுது எனக்கு ஒன்று புலனாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தின் காந்தாரம். சனிக்கிழமை வீணையின் காந்தாரம். இரண்டையும் ஒரே வாரத்தில் தம் விரலாலேயே எழுப்புகிறவர் எத்தனை பேர்? வீணை வகுப்பிலுள்ள பெண்ணுக்கு ஆர்மோனியத்தோடு உறவில்லை. கோவிலில் பாடும் பிள்ளைகளுக்கு வீணையோடு உறவில்லை. ஆகவே அந்த ஆறு மில்லிமீட்டர் அவர்களில் ஒருவரையும் உறுத்தவில்லை. உங்களை உறுத்தியது. இரண்டு வீட்டிலும் நீங்கள் விருந்தாளியாக நிற்பதாக வருந்துகிறீர்கள். அந்த வினாவோ இரண்டு வீட்டுக்கும் போய்வரும் ஒருவருக்கே எழக்கூடியது. பண்டிதரும் அவ்வாறே நம் இசையையும் கற்றார், மேனாட்டு இசையின் முறையையும் கற்றார்.

அவர் கண்ட விடை என்ன? 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். அந்நூலில் பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வரைந்து, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களையும் அவ்வீடுகளில் நிறுத்தும் முறை கூறப்பட்டுள்ளது. புலவர்கள் பலர் பொருள் விளங்காமல் தாண்டிச் சென்ற பகுதி அது. பண்டிதர் அதன்மேல் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தார். ஒரு தாயியைப் பன்னிரண்டாகச் சமமாய்ப் பகுத்தால் ஆயப்பாலை, இருபத்து நான்காகப் பகுத்தால் வட்டப்பாலை, மேலும் நுணுகப் பகுத்தால் திரிகோணப்பாலையும் சதுரப்பாலையும் என்று அவர் கொண்டார். வடமொழியில் சாரங்கதேவர் கூறிய 22 சுருதிக் கணக்கு பொருந்தாது. தமிழர் கணக்கு 24 என்று முழங்கினார்.

முழங்கிவிட்டு அறைக்குள் இருந்தாரில்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1916-க்குள் ஏழு மாநாடுகள் நடத்தினார். வித்துவான்களையும் புலவர்களையும் அழைத்து, உண்டியும் உறையுளும் தந்து, செலவனைத்தையும் தாமே ஏற்றார். சென்னை இசைக்கழகமாகிய மியூசிக் அகாடமி 1928-இல் தோன்றுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. 1916 மார்ச்சு மாதம் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது அங்கும் சென்றார். 22 சுருதியே சரியென்று வாதிட்டுவந்த தேவல், கிளெமென்ட்சு முதலியோரும் கூடிய அவை அது. பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைக்க, அவர் குடும்பத்துப் பெண்மக்கள் வீணை மீட்டி அதனை மெய்ப்பித்துக் காட்டினர். ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், அக்காலத்தில், தஞ்சையிலிருந்து பரோடா வரை சென்று அறிஞர் அவையில் வீணை வாசித்தனர் என்பதை நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட நூல். சொந்த அச்சகத்தில் அச்சிடப்பெற்றது. 1919 ஆகஸ்டு 31-இல் பண்டிதர் மறைந்தார். எஞ்சிய பகுதியை அவர் மகளார் மரகதவல்லி அம்மையார் 1946-இல் வெளியிட்டார்.

பண்டிதர் சொன்னதெல்லாம் நிலைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நூலின் தொடக்கத்தில் கடல்கொண்ட பெருங்கண்டம் பற்றி அவர் எழுதியவற்றை இன்றைய நிலவியல் ஏற்கவில்லை. 24 சுருதிக் கொள்கையையும் இசையுலகம் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. சிலப்பதிகார உரை தரும் அலகுக் கணக்கும் 22 தான்; 24-இல் இரண்டைக் குறைத்து வழங்கினர் என்பது பண்டிதரின் வாதம். அவருக்குப் பின் ஈழத்து விபுலானந்த அடிகள் அதே அடிகளை வேறு வகையாகக் கணக்கிட்டு, 1947-இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அன்றியும், நல்ல பாடகர் ஒருவர் தம்பூராவோடு இழைந்து பாடும்போது அவர் காந்தாரம் ஆர்மோனியத்தின் காந்தாரமாக இருப்பதில்லை. ஆகவே, தம்பி, உங்கள் பலகையில் நீங்கள் கண்ட ஆறு மில்லிமீட்டர் பண்டிதருக்கே ஒரு மறுப்பு! அவர் இருந்திருந்தால் உங்களை மாநாட்டிற்கு அழைத்துச் சோறிட்டு, மூன்று நாள் வாதிட்டிருப்பார்.

நிலைத்தது வேறொன்று. தமிழிசை தனித்த இலக்கணமுடையது, அதற்குச் சான்று நம் பழநூல்களிலேயே கிடக்கிறது என்று தேடிச் சென்றவர்களுக்கெல்லாம் அவர் நூல் வாயிலாயிற்று. 1940-களில் எழுந்த தமிழிசை இயக்கத்தார் நடந்த பாதையில் முள்ளை முன்னரே அகற்றியவர் அவர்.

நம் ஊரிலும் ஒரு சான்று நிற்கிறது. மகாத்மா காந்தி சாலை வழியாகப் போகும் நேயர்கள், மேயோ ஹால் அருகில் கையில் நூலுடன் நிற்கும் ஒரு வெள்ளையரின் சிலையைக் கண்டிருப்பீர்கள். அவர் கிட்டல், செருமானியர். 1853-இல் சமயப் பணிக்காக வந்தவர் கன்னடத்தில் மூழ்கிவிட்டார். போதிக்க வந்தவர் ஏட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாரே என்று அவருடைய சபையாருக்கே மனக்குறை. 1894-இல் அவர் வெளியிட்ட கன்னட-ஆங்கில அகராதியை இன்றும் கன்னடப் புலவர் எவரும் புறக்கணிக்க இயலாது. கன்னட மக்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். வெளிநாட்டாருக்குச் சிலை வைப்பது எளிது என்று மேலே சொன்னேனே, அதனையும் மறக்கவில்லை. ஆயினும் சபையாருக்குள்ளேயே அவர் தனித்திருந்தார் என்னும் செய்தி, கோவில் நண்பர்கள் ‘பாகவதர்’ என்று சிரிக்கும்போது நினைத்துக்கொள்ளத்தக்கது.

அம்மையீர், தங்களுக்கும் ஒரு சொல். படிப்புக்கு இடையூறு என்று அஞ்ச வேண்டாம் என நான் உறுதி கூற இயலாது. இத்தகைய பித்து உள்ள பிள்ளைகள் தேர்வுக்கு முந்திய இரவிலும் கம்பியை முறுக்கிக்கொண்டு இருப்பார்கள். அதைத் தாங்கள் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பண்டிதரும் மருந்துக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சிலப்பதிகாரம் படித்தார். பொருளீட்டும் தொழில் ஒன்று, உயிர் பற்றிய வேலை ஒன்று என்று இரண்டையும் அவர் முப்பது ஆண்டுகள் சுமந்தார். பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு இது புரியாததன்று. வீணை வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆசிரியை அவனிடம் அன்பாக இருக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது சிறிய செய்தியன்று.

தம்பி, இறுதியாக உங்களிடம். அன்று நான் கேட்டது பிழை. மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் வந்து கேட்டிருக்க வேண்டும். பலர் முன்னிலையில் கேட்ட வினாவுக்குப் பலர் முன்னிலையிலேயே வருந்துவது முறை என்று கருதி இங்கே எழுதினேன். வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு மன்றக் கூட்டம். உங்கள் கோவில் வழிபாடு அதற்குள் முடிந்துவிடும் என்று விசாரித்து அறிந்தேன். செயலாளரிடம் சொல்லி, பேச்சாளர் வருமுன் அரைமணி நேரத்தை உங்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். மேடையில் வேண்டாம், கூடத்தின் நடுவே நீள மேசை போடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சுற்றி நின்று பார்க்கலாம், விரல் வைத்துக் கேட்கலாம். அல்சூரிலிருந்து நண்பர் ஒருவர் தம் வீட்டு ஆர்மோனியத்தைக் கொண்டுவருகிறார். வீணைக்கு உங்கள் ஆசிரியையை நீங்கள்தான் அழைத்து வர வேண்டும்.

பலகையைப் பரணிலிருந்து இறக்கும்போது கம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத மழையில் துரு ஏறியிருக்கும். சிவாஜி நகரில் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. புதுக்கம்பிக்கு ஆகும் செலவு என்னுடையது.